நாயகன் இல்லாத போர்க்களம்

வத்திக்கான் அரண்மனையின் மண்டபமொன்றில் மில்வியப் பாலத்துப் போரைச் சித்திரிக்கும் பெருஞ்சுவரோவியம் உண்டு. ரஃபேல் வகுத்த அமைப்பைத் தழுவி, அவருடைய மாணவர் ஜூலியோ ரொமானோ 1520க்கும் 1524க்கும் இடையில் அதனைத் தீட்டினார். கி.பி. 312இல் நிகழ்ந்த போர் அது. நடுவில் வெண்புரவிமீது கான்ஸ்டன்டைன். மேலே வாளேந்திய தேவதூதர். ஆற்றில் அமிழும் மாக்சென்ஷியஸ். வெற்றி யாருடையது, அதனை அருளியவர் யார் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

நூறாண்டுகளுக்குப் பின், பரோக் காலத்து ஓவியர் தீட்டிய குதிரைப்படைப் போர்களில் இவ்வுறுதி மறைந்துவிடுவதை நாம் காண்கிறோம். நேப்பிள்ஸ் நகரத்து அனியெல்லோ ஃபால்கோனே 1631இல் துருக்கியரும் கிறிஸ்தவரும் பொருதும் காட்சியொன்றை எழுதினார். அது இன்று பாரிஸ் லூவர் காட்சியகத்தில் உள்ளது. அதில் படைத்தலைவன் எவனும் முன்னிறுத்தப்படவில்லை. இத்தகைய படங்களைக் கலை வரலாற்றறிஞர் ஃபிரிட்ஸ் சாக்ஸல் 'நாயகன் இல்லாத போர்க்காட்சி' என்று அழைத்தார். பொருத்தமான பெயரே.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவர் ஜாக் கூர்த்வா (1621–1676). பர்கண்டிப் பகுதியைச் சார்ந்தவராதலால் இத்தாலியர் அவரைப் போர்கொன்யோனே என்றனர். இளமையில் சில ஆண்டுகள் படைவீரராயிருந்தவர். துப்பாக்கிப் புகை, நெருங்கி மோதும் புரவிகள், மண்ணில் கிடக்கும் உடல்கள் ஆகியவையே அவருடைய கித்தான்களை நிரப்புகின்றன. பலவற்றில் எந்தப் போர், எந்தப் பக்கம் நீதியுடையது என்பதற்கு அடையாளமே இல்லை.

பெயருள்ள போர்களையும் அவர் எழுதினார். அவற்றுள் மொஞ்ஜொவீனோ போர் நமது ஆராய்ச்சிக்குரியது. 1643இல் நடந்த அப்போரில் தோஸ்கானா நாட்டுப் படையை நடத்தியவர் மாத்தியாஸ் தெ மெதிச்சி. ஜெர்மனியில் கத்தோலிக்கப் பேரரசருக்காகவும் போரிட்ட இளவரசர். இப்போது எதிர்நின்றதோ போப்பு எட்டாம் அர்பனுடைய படை! காஸ்த்ரோ என்னும் சிற்றரசைப் பற்றிய கடன் வழக்கும், போப்பின் குடும்பத்தாருடைய ஆசையுமே அந்த யுத்தத்தின் வேர். இருபுறமும் ஒரே பலிபூசையில் பங்குகொண்டவர்கள். தேவதூதரை எந்தப் பக்கத்தின் மேல் எழுதுவது?

இதைக் கண்டு சீர்திருத்த மரபினராகிய நாம் நகைக்க அவசரப்படலாகாது. நமக்கும் ஒரு வெண்புரவி வீரன் உண்டு. 1632இல் லூட்சன் களத்தில், மூடுபனியிலும் புகையிலும் தன் குதிரைவீரரைப் பிரிந்து மடிந்த சுவீடன் மன்னன் குஸ்தாவஸ் அடால்பஸ் நற்செய்தியின் காவலனாகப் பிரசங்கங்களில் போற்றப்பட்டான். அவன் ஜெர்மன் சீர்திருத்தச் சபைகளை அழிவினின்று காத்தான் என்பது உண்மையே. ஆயினும் 1631ஆம் ஆண்டு பெயர்வால்டே உடன்படிக்கையின்படி அவன் படைக்கு ஆண்டொன்றுக்கு 4,00,000 தாலர் தர ஒப்பியது கத்தோலிக்கப் பிரான்சு. அதன் முதல் அமைச்சர் ரிஷலியு உரோமைச் சபையின் கர்தினால். சபைச் சரித்திர வகுப்பில் மன்னனின் மரணத்தைச் சொல்லி, இவ்வுடன்படிக்கையைச் சொல்லாமல் விடுவது நம்மிடையே அரிதன்று. விட்டுவிட்டால் கதை தெளிவாகிறது, புகை விலகிவிடுகிறது. ஆனால் அது 1632இன் களமன்று.

கூர்த்வா 1657இல் யேசு சபையில் சேர்ந்தார். துறவியின் அங்கியை அணிந்த பின்னும் போர்க்களங்களை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.