படுக்கையை விட்டு எழுந்த முதுமை: இயன்முறை மருத்துவத்தின் வரலாற்றுத் தடம்

வயதானவரைப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வதே பரிவு என்று மருத்துவமும் நெடுங்காலம் நம்பியது. அந்த நம்பிக்கை எங்கே, எப்படி உடைந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

1894-இல் லண்டனில் செவிலியர் நால்வர் தொடங்கிய மசாஜ் பணியாளர் சங்கம்தான் பின்னாளில் பிரிட்டனின் பிசியோதெரபி (இயன்முறை மருத்துவ) அமைப்பாக வளர்ந்தது. போரில் காயமுற்ற வீரர்களும் போலியோ தாக்கிய குழந்தைகளுமே அத்துறையை வளர்த்தவர்கள்; முதியோர் அதன் கணக்கில் பெரிதாக இல்லை. 1935-இல் லண்டன் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதியை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரின் பொறுப்புக்கு வந்தனர். பக்கவாதக்காரர், மனநோயாளி, போக்கிடமில்லாதவர் எல்லோரும் ஒன்றாக, ஆண்டுக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, நோய்வாரியாகப் பிரித்து, எழுப்பி உட்கார வைத்தார், நடக்கவும் வைத்தார். பலர் வீடு திரும்பினர். 1943-லும் 1946-லும் அவர் எழுதிய கட்டுரைகள் முதியோர் மருத்துவத்தைத் தனித்துறையாக்கக் கோரின. படுக்கையே நோய் தரும் என்று பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர் 1947-இல் எழுதினார்.

அனுபவத்துக்கு அளவுகோல் வந்தது 1966-இல். டல்லாஸில் 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையில் வைத்துச் சோதித்தனர். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, அவர்களது உடல் உழைப்புத் திறனை முப்பதாண்டு முதுமையைவிட அந்த மூன்று வாரமே அதிகம் குறைத்திருந்தது தெரிந்தது. மூப்பின் மேல் நாம் சுமத்தும் பழியில் கணிசமான பங்கு படுக்கைக்கு உரியது.

அப்படியானால் இழந்த வலு மீளுமா? 1990-இல் மரியா ஃபியாடரோன் குழு, பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேரை எட்டு வாரம் எடை தூக்க வைத்தது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. சிறு ஆய்வுதான், ஆனால் 'தொண்ணூறில் தசை வளராது' என்ற வாதத்துக்கு அதற்குப்பின் இடமில்லாமல் போனது.

இவ்வறிவை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தது நியூசிலாந்தின் ஒட்டாகோ திட்டம். 80 வயது கடந்த பெண்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் சென்றார். கணுக்காலில் எடைப்பட்டை கட்டி முழங்காலை நீட்டுதல், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுதல், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொட அடிவைத்து நடத்தல்: வாரம் மூன்று முறை, அரைமணி நேரம். தேறத் தேற எடை கூட்டப்பட்டது. 1997-இல் வெளியான முடிவு, விழுவது குறைந்ததைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் முன்வைத்த 'செயலூக்க முதுமை' கொள்கையோடு, நோய் தீர்ப்பதற்கும் நலம் காப்பதற்கும் இடையில் பாலமிட்ட இத்தகைய முயற்சிகள் இசைந்து நின்றன.

தமிழகத்தில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978-இல் முதியோர் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ மேற்படிப்பு வந்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், பிசியோதெரபியை வீட்டுவாசலுக்குக் கொண்டுவந்தது. பெரிய அடிதான். ஆனாலும் அதன் பிசியோதெரபி தேடிச் செல்வது பெரும்பாலும் ஏற்கெனவே முடங்கியவர்களை. நடமாடும் முதியவருக்கு இன்றும் 'வாக்கிங் போங்க' என்பதே மருந்துச்சீட்டு. 2020-இல் உலக சுகாதார நிறுவனம், முதியோர் வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வலுப்பயிற்சியும் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இத்திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வரும் ஊழியர், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்பதையும் பார்த்துக் குறிக்கட்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை.