எண் பெற்ற சாலையும் எண் பெறாத பாதையும்

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பில் நம்மை ஒரு கேள்வி கேட்டான். “சார், எங்கப்பா மோட்டார் சைக்கிள் நம்பர் ‘பி’யில ஆரம்பிக்குது. சடக்கு ஓரத்துப் பலகையிலயும் ‘பி’ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கு. ரெண்டும் ஒண்ணா சார்?” வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வியன்று. சிலாங்கூர்த் தோட்டங்களில் மூன்று, நான்கு தலைமுறையாக வாழ்ந்துவரும் நம் குடும்பங்கள் அனைத்தும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டிய கேள்வி அது.

இரண்டும் ஒன்றேதான். நம் நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. பேராவுக்கு ‘ஏ’, சிலாங்கூருக்கு ‘பி’, பகாங்குக்கு ‘சி’, ஜொகூருக்கு ‘ஜே’. வண்டிக்குரிய எழுத்தே மாநிலச் சாலைக்கும் உரியது. ஆகவே ‘பி’ என்ற எழுத்தோடு ஓர் எண்ணைக் கண்டால், அது சிலாங்கூர் மாநிலச் சாலை என்று அறிந்துகொள்ளலாம். சரி, சாலைக்கு எதற்கு எண்? அந்த எண் நமக்கு என்ன செய்கிறது? இவற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

சாலை வருவதற்கு முன் இந்தப் பகுதியில் ஆறுதான் வழி. கோல குபுவின் மலையடிவாரத்திலிருந்து புறப்படும் சிலாங்கூர் ஆறு, இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையைக் கடந்து, கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. உள்நாட்டு ஈயம் இந்த ஆற்று வழியேதான் படகில் இறங்கிற்று. ஆற்றின் வாயைக் காத்தவர் நாட்டைக் காத்தார். சிலாங்கூர் சுல்தான்கள் தொடக்கத்தில் கோல சிலாங்கூரில், புக்கிட் மெலாவத்திக் குன்றின் மேல் கோட்டை அமைத்து ஆண்டதற்குக் காரணம் இதுவே.

1874 இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஆட்சி சிலாங்கூரில் கால் ஊன்றியது. 1880 இல் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறிற்று. 1886 இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. வடக்கே அந்தத் தண்டவாளம் 1892 இல் ரவாங்குக்கும், அடுத்த ஆண்டு செரண்டாவுக்கும், 1894 இல் கோல குபுவுக்கும் வந்து சேர்ந்தது. அதே 1894 இல் ரவாங்கின் ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் மின்சாரத்தால் இயங்கும் பம்புகளை அமைத்தார்கள். மலாயாவில் சுரங்கத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தியதில் அவர்களே முன்னோடிகள்.

புகைவண்டி நிலையத்துக்குப் பொருளைக் கொண்டுசேர்க்க வண்டிப் பாதைகள் தேவைப்பட்டன. காட்டை வெட்டி, மேட்டை இடித்து, பள்ளத்தை நிரப்பி, இருபுறமும் சாக்கடை வெட்டிப் பாதை போட்டார்கள். மேலே செம்மண்ணும் சரளையும் கொட்டி இறுக்கினார்கள். போக்குவரத்து மிகுந்த இடங்களில் கருங்கல்லை உடைத்துப் பரப்பினார்கள். மோட்டார் வண்டிகள் பெருகிய பிறகு அவற்றின் மேல் தார் ஏறியது.

இந்த வேலையைச் செய்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். தோட்ட முதலாளிகள் மட்டுமல்லர், பொதுப்பணி இலாகாவும் ரயில்வே இலாகாவும்கூடத் தென்னிந்தியத் தொழிலாளரைப் பெருவாரியாக அமர்த்திக்கொண்டன. ஆண்கள் கல் உடைத்தார்கள். பெண்கள் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். சாலையோரத்தில் அவர்களுக்கு லயங்கள் கட்டப்பட்டன. மைலுக்கு ஒரு கல் நட்டபோது, அந்த மைலுக்கு நம்மவர் ‘கட்டை’ என்று பெயரிட்டனர். ஏழாங்கட்டை, பத்தாங்கட்டை என்பவை ஊர்ப் பெயர்களாகவே ஆகிவிட்டன. மலாய்க்காரர் ‘பத்து’ என்றதும் நாம் ‘கட்டை’ என்றதும் ஒரே கல்லைத்தான். 1972 இல் நிறை, அளவைச் சட்டம் இயற்றப்பட்ட பிறகு மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஆனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் கட்டை இன்னும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ரப்பர் வந்தது. 1910 ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை உச்சிக்கு ஏறவே, சாலையும் தண்டவாளமும் சென்ற பக்கமெல்லாம் காடு அழிந்து தோட்டமாயிற்று. 1915 முதல் பத்து ஆராங்கில் நிலக்கரி வெட்டினார்கள். அதற்கெனக் குவாங்கிலிருந்து தனித் தண்டவாளமே போடப்பட்டது. 1960 இல் சுரங்கம் மூடப்பட்டது. கோல சிலாங்கூர் முதல் ரவாங், செரண்டா, பத்தாங் காலி வரை, நம் பாட்டன் பாட்டிமார் வந்து இறங்கிய தோட்டங்கள் இவ்வாறு எழுந்தவைதாம்.

இங்கே ஒன்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். பெரிய சடக்கை அரசாங்கம் போட்டது. பெரிய சடக்கிலிருந்து பால் கொட்டகைக்கும், துரை பங்களாவுக்கும், லயத்துக்கும் போகும் பாதையைத் தோட்டமே தன் நிலத்தில், தன் தேவைக்குப் போட்டுக்கொண்டது. இரண்டிலும் மண் சுமந்தவர்கள் நாம்தான். ஆனால் ஒன்று பொதுச் சாலை; மற்றொன்று தனியார் பாதை. இந்த வேறுபாட்டின் விளைவு சுதந்திரத்துக்குப் பின்தான் முழுமையாகத் தெரிந்தது.

1957 இல் நாடு விடுதலை பெற்றபோது, எந்தச் சாலையை யார் பராமரிப்பது என்று அரசியலமைப்புச் சட்டம் வகுத்தது. கூட்டரசுச் சட்டத்தின்படி கூட்டரசுச் சாலை என்று அறிவிக்கப்பட்டவை மத்திய அரசாங்கத்தின் பொறுப்பு. இதற்கெனக் கூட்டரசுச் சாலைகள் சட்டம் 1959 இல் வந்தது. மாநிலச் சாலைகள் மாநிலத்தின் பொறுப்பு.

கூட்டரசுச் சாலைகளுக்கு வெறும் எண் மட்டும் உண்டு; மாநில எழுத்து இல்லை. நம் பகுதியிலேயே இவற்றைக் காணலாம். ரவாங், சுங்கை சோ, செரண்டா, ராசா வழியாகத் தஞ்சோங் மாலிமுக்குப் போகும் பழைய பெரிய சடக்கு 1 ஆம் எண். தெற்கே ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே புக்கிட் காயு ஹீத்தாம் வரை செல்வது இதுதான். கிள்ளானிலிருந்து காப்பார், கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று கடலோரமாக ஏறுவது 5 ஆம் எண். சுங்கை பூலோவிலிருந்து ஈஜோக் வழியாகக் கோல சிலாங்கூர்ப் பக்கம் வருவது 54. கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைப் பக்கம் ஏறுவது 55. பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் சாலையோ பி 66. எழுத்தைக் கண்டவுடன் அது மாநிலச் சாலை என்று சொல்லிவிடலாம். 2022 டிசம்பரில் அந்தச் சாலையோரம் மண் சரிந்து 31 உயிர்கள் பலியானதை நாம் மறக்கமாட்டோம்.

எண் என்பது அழகுக்கு ஒட்டிய சீட்டன்று. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க ஆண்டுதோறும் மத்திய அரசாங்கம் மாநிலத்துக்கு மானியம் தரவேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் கூறுகிறது. ஒரு மைல் சாலையைக் குறைந்தபட்சத் தரத்தில் வைத்திருக்க ஆகும் சராசரிச் செலவை, தகுதிபெற்ற சாலைகளின் நீளத்தால் பெருக்கி அந்தத் தொகையைக் கணக்கிட வேண்டும் என்பது அதில் உள்ள விதி. இன்று அந்தக் கணக்கு ‘மாரிஸ்’ எனப்படும் சாலைப் பதிவேட்டின்படி நடக்கிறது. பதிவேட்டில் இருக்கும் சாலைக்குப் பணம் வரும். பணம் வந்தால் தார் வரும். பதிவேட்டில் இல்லாத பாதையில் எத்தனை குழி விழுந்தாலும் அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஃபெல்டா நிலத்திட்டங்களுக்குப் போகும் பல சாலைகளில் நான்கு இலக்க எண்ணைக் காண்கிறோம். அவை கூட்டரசுச் சாலைகள். 1956 இல் தோன்றிய ஃபெல்டா, அரசாங்கத் திட்டம். ஆகவே அதன் சாலைகளும் அரசாங்கக் கணக்கில் ஏறின. தனியார் தோட்டத்துப் பாதைக்கு அந்த வழி இல்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து ஒரு தோட்டப் பள்ளியில் பணியேற்ற புதிதில் நடந்ததைச் சொல்கிறோம். பெரிய சடக்கிலிருந்து லயத்துக்கு மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. அடைமழைக் காலத்து இரவு ஒன்றில், பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது. ஆம்புலன்ஸ் சந்தி வரை வந்து நின்றுவிட்டது. சேற்றில் அதற்கு மேல் ஏறவில்லை. அந்தத் தாயை டிராக்டர் பெட்டியில் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் பிடித்துக் கொண்டுவந்தார்கள். குழந்தை சந்தியிலேயே பிறந்தது. நல்லவேளையாகத் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுவாரம் பெற்றோர் சங்கத்தின் பேரில் சாலை இலாகாவுக்கு மனு எழுதினோம். அந்தப் பாதை பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தது. தோட்ட நிர்வாகத்தைக் கேட்டோம். “குலை ஏற்றும் லாரிக்கு இந்தப் பாதை போதும்” என்றார்கள். இரண்டு கதவும் சாத்திக்கொண்டன.

அப்போது, பொதுப்பணி இலாகாவில் முப்பது ஆண்டு வேலைசெய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். “வாத்தியாரே, பாதை மோசம்னு எழுதினா போதாது. அது யார் நிலத்துல போகுதுன்னு மொதல்ல பாருங்க. நில அலுவலகத்துல பிளான் இருக்கும்” என்றார். போய்ப் பார்த்தோம். சந்தியிலிருந்து கோயில் வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் சாலைக்கென ஒதுக்கப்பட்ட அரசாங்க நிலம்! அதற்கு அப்பால்தான் தோட்டத்து நிலம். வரைபடத்தின் நகலை இணைத்து, சாலை எண்ணையும் கிலோமீட்டரையும் குறித்து மீண்டும் எழுதினோம். இரண்டு ஆண்டுகள் கடிதம் போய்க் கடிதம் வந்தது. முடிவில் கோயில் வரை தார் போட்டார்கள். மிச்சப் பாதை செம்மண்ணாகவே நின்றது. சந்தியில் பிறந்த அந்தப் பிள்ளை பின்னர் அதே பாதையில் நடந்து வந்து நம் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தது.

முழு வெற்றி என்று சொல்லமாட்டோம். ஆனால் சாலையைப் போட்ட மக்கள் சாலையின் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டோம் என்பது அன்று நமக்கு உறைத்தது. மண் சுமந்தவர் நம் முன்னோர். வரைபடமோ பிறர் கையில் இருந்தது.

இன்று காலம் வெகுவாக மாறிவிட்டது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. 1993 இல் தோன்றிய பெரோடுவா கார் நிறுவனத்தின் தொழிற்சாலை சுங்கை சோவில் இருக்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994 இல் முழுமை பெற்றது. கோலாலம்பூரையும் கோல சிலாங்கூரையும் இணைக்கும் லத்தார் நெடுஞ்சாலை 2011 இல் திறக்கப்பட்டது. ரவாங் நெரிசலைக் குறைக்க 2017 இல் புறவழிச்சாலை வந்தது. இவற்றுக்கெல்லாம் எண் உண்டு. பழைய லயங்களில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களின் பாதைக்குத்தான் பல இடங்களில் எண் இல்லை.

ஆகவே நேயர்கள் மூன்று காரியங்களை மனத்தில் வைக்கலாம். முதலாவது, உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள சாலை எண்ணையும், உங்கள் சந்தி எத்தனையாவது கிலோமீட்டரில் இருக்கிறது என்பதையும் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். ஆம்புலன்ஸையோ தீயணைப்பு வண்டியையோ அழைக்கும்போது அதுவே உங்கள் முகவரி. இரண்டாவது, மனு எழுதும் முன் பாதை எவர் நிலத்தில் செல்கிறது என்று நில அலுவலகத்தில் கேட்டறியுங்கள். கூட்டரசுச் சாலையா, மாநிலச் சாலையா, நகராண்மைக் கழகச் சாலையா, தோட்டப் பாதையா என்று தெரிந்தால், கடிதம் சரியான மேசைக்குப் போகும். மூன்றாவது, 1974 ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, தனியார் சாலையை உரிய தரத்துக்குச் செப்பனிட்ட பிறகு ஊராட்சி மன்றம் அதைப் பொதுச் சாலையாக அறிவிக்க முடியும். தோட்டம் கைமாறும்போதும், புதிய வீடமைப்புக்கு நிலம் பிரிக்கப்படும்போதும், குடியிருப்புப் பாதையின் கதி என்ன என்று அப்போதே கேளுங்கள். வேலி போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நாளை பள்ளிக்குப் போகும் வழியில் முதலில் கண்ணில் படும் சாலை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அந்தச் சாலையை யார் போட்டார்கள், அந்த இடம் எத்தனையாவது கட்டை என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் கதையை நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் கதைக்கு எண் கிடையாது. எழுதி வைத்தால்தான் நிலைக்கும்.