சூளைப் புகையும் கலத்தின் கருமையும்

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் அமைச்சரை விளிக்கவில்லை, படைத்தலைவரையும் விளிக்கவில்லை. மூதூரில் கலம் வனைந்துகொண்டிருந்த ஒரு குயவனை விளித்தார். இத்துணைப் பெரிய மன்னனைக் கவிக்கும் அளவுக்கு நீ தாழி செய்ய வேண்டுமாயின், நிலவுலகைத் திகிரியாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டு வனைய உன்னால் ஆகுமோ என்று இரங்கிக் கேட்டார். புறநானூற்றின் 228ஆம் பாட்டின் கருத்து இது. மன்னனுக்கும் குயவனுக்கும் ‘கோ’ என்னும் ஒரே சொல் வழங்கிய காலம் அது. அதிலிருந்து குயவன் அரசனுக்கு நிகராக மதிக்கப்பட்டான் என்று முடிவுகட்டுவது மிகை. எனினும், ஒரு கோ இறந்த துயரை இன்னொரு கோவிடம் சொல்லிய அப்புலவரின் செவியில் அச்சொல் ஒலித்தே இருக்கும்.

இப்பாட்டில் தாழியின் உவமையையே உரைகாரரும் ஆய்வாளரும் பெரிதும் எடுத்துப் பேசுவர். அதன் தொடக்கத்தில் நிற்கும் புகையை அவ்வளவாக யாரும் பொருட்படுத்துவதில்லை. இருளே ஓரிடத்தில் செறிந்து நின்றாற்போன்ற தடித்த புகை சூளையிலிருந்து எழுந்து வானில் ஊன்றியதாகப் புலவர் காட்டுகிறார். இழவுக்குரிய இருட்காட்சியாக அதைக் கொள்வது கவிதைக்குப் பொருந்தும். மட்பாண்டத் தொழிலை அறிந்தவருக்கோ அப்புகை வேறொன்றையும் சொல்லும். பழந்தமிழ்க் கலங்களின் கருமை அந்தப் புகைக்குள்தான் பிறந்தது.

மண் கலமாவது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தகும். குளத்து வண்டலையோ ஆற்றங்கரைக் களியையோ கொணர்ந்து, கல்லும் வேரும் நீக்கி, அளவறிந்து மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். மணல் குறைந்தால் உலரும்போதே வெடிக்கும். மிகுந்தால் திகிரியில் நில்லாது. திகிரியில் ஏற்றிய பானைக்கு முதலில் அடிப்பாகமே இராது. வாயும் கழுத்தும் உருவான பின் நூலால் அறுத்து எடுத்து, சற்று இறுகவிட்டு, உள்ளே உருண்டைக் கல்லைத் தாங்கிப் பிடித்து, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி அடியை மூடுவர். சமையற் பானையின் வயிறு மெல்லிதாகவும் உருண்டும் இருப்பது இந்தத் தட்டலால்தான். பெருந்தாழிகளைத் திகிரியில் மட்டும் ஏற்றி முடித்துவிட இயலாது. கீழ்ப்பகுதி தன் எடையைத் தாங்குமளவு இறுகிய பின்னரே மேற்பகுதியைப் படிப்படியாக வைத்து எழுப்ப வேண்டும். ஐயூர் முடவனார் கேட்ட வினாவுக்கு எந்தக் குயவனும் ஆகாது என்றே விடை சொல்லியிருப்பான்.

இதுவரை நிகழ்ந்தவை எல்லாம் மாற்றத்தக்கவை. நிழலில் உலர்ந்த பானையை நீரில் இட்டால் அது மீண்டும் சேறாகும். நெருப்பில்தான் அந்தத் திரும்பும் வழி அடைபடுகிறது. 100 பாகை செல்சியசை ஒட்டி மண்ணில் எஞ்சிய ஈரம் ஆவியாகும். இந்தக் கட்டத்தில் தீயை விரைந்து மூட்டினால் ஆவி வெளியேற வழியின்றிப் பானை வெடித்துவிடும். ஏறத்தாழ 450 முதல் 600 பாகை வரையில் களிமண்ணின் உள்ளமைப்போடு பிணைந்திருந்த நீரும் நீங்குகிறது. அதன்பின் எத்தனை ஆண்டு நீரில் கிடந்தாலும் அது களியாவதில்லை. 573 பாகையில் மண்ணிலுள்ள படிக மணல் திடீரென விரியும்; ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஆறுமுன் அவசரப்பட்டுச் சூளையைப் பிரிப்பவன் விரிசல்விட்ட பானைகளையே எடுப்பான். விறகும் வறட்டியும் வைக்கோலும் அடுக்கி, மேலே சேறு பூசிய திறந்த சூளைகள் பெரும்பாலும் 600 முதல் 900 பாகைக்குள் எரிபவை. ஆதலால் அக்கலங்கள் கண்ணாடிபோல் இறுகுவதில்லை, நுண்துளைகள் எஞ்சுகின்றன. கோடையில் மண்பானை நீர் குளிர்வது அத்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதால்தான்.

இனி நிறத்துக்கு வருவோம். நம் மண்ணில் இரும்பு உண்டு. தாராளமாகக் காற்றுப் புகும் தீயில் அந்த இரும்பு உயிர்வளியோடு கூடிச் சிவக்கும். காற்று அடைபட்டுப் புகை சூழ்ந்தால் அதே மண் கறுக்கும். இரும்பு உயிர்வளியை இழப்பதோடு, புகையிலுள்ள நுண்கரியும் துளைகளில் படிந்துகொள்ளும். தமிழகத்துப் பெருங்கற்காலச் சின்னங்களிலும் சங்ககால ஊர்களிலும் குவியல் குவியலாகக் கிடைக்கும் கருப்பு-சிவப்புக் கலங்களில் இவ்விரண்டும் ஒரே பாண்டத்தில் சந்திக்கின்றன. உட்புறமும் வாய்ப்பகுதியும் கருமை; வெளிவயிறு செம்மை. இடையில் நிறம் மாறும் எல்லை கோடு கிழித்தாற்போல் இராது; வானில் அந்தி கலைவதுபோல் ஒன்று மற்றொன்றில் கரையும். அந்தக் கரைதலே இது வண்ணம் தீட்டியதன்று என்பதற்குச் சான்று.

தொல்லியலார் பெரும்பாலோர் தரும் விளக்கம் கவிழ்த்துச் சுடும் முறை. உமி, இலை, வைக்கோல் போன்றவற்றைக் கலத்தினுள் இட்டோ அவற்றின் மேல் கலத்தைக் கவிழ்த்தோ அடுக்கினால், உள்ளே காற்றுப் புகாமல் புகை தங்கிக் கறுக்கும். வெளியே தீயும் காற்றும் பட்ட பகுதி சிவக்கும். ஒருமுறை சுட்டுச் சிவக்கவைத்த கலத்தை மறுமுறை புகையில் இட்டுக் கறுக்கவைத்திருக்கலாம் என்போரும் உளர். ஒரே ஊரிலும் இரு முறைகளும் வழங்கியிருக்கலாம். எதுவாயினும், புகையை எங்கே விடுவது, எங்கே அடைப்பது என்பதை அறிந்த கை ஒன்று அங்கே இருந்தது. இவ்வகைக் கலம் தமிழர்க்கே உரியது என்று மேடைகளில் முழங்குவது மட்டும் பொருந்தாது. இராசத்தானத்து அகாரிலும் வங்கத்திலும் இது உண்டு. எகிப்தியரும் அரசமரபுகளுக்கு முந்தைய காலத்திலேயே வாய் கறுத்த செங்கலங்களைச் செய்தனர். தமிழகத்தின் சிறப்பு இக்கலத்தைக் கண்டுபிடித்ததில் இல்லை. நெடுங்காலம் அதை விடாமல் கையாண்டதிலும் அதன்மேல் எழுதியதிலும் இருக்கிறது.

பொருநை ஆற்றங்கரை ஆதிச்சநல்லூரில் 1876இல் செர்மானியரான யாகோர் தோண்டினார். 1899இல் தொடங்கி அலெக்சாண்டர் இரீ அங்கே விரிவாக அகழ்ந்தார். இருவர் கண்ணும் இறந்தோரின் தாழிகளிலேயே பதிந்திருந்தது. 2004-05ஆம் ஆண்டு அகழாய்வில்தான் வாழ்விடப் பகுதி கவனம் பெற்றது. சாம்பலும் கரியும் உடைந்த கலங்களுமாகக் குயவர் சூளைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. தாழிகள் அகப்பட்டு ஒரு நூற்றாண்டு கழிந்த பிறகே சூளை அகப்பட்டது.

நொய்யற்கரைக் கொடுமணலும் வைகைக்கரைக் கீழடியும் தந்த பானையோடுகளில் தமிழிப் பொறிப்புகள் பல. கீழடியில் ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ எனும் பெயர்கள் படிக்கப்பட்டுள்ளன. அங்கே வாழ்ந்த காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டை எட்டுவதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூல் கூறியது. அதுபற்றிய விவாதம் மிகப் பெரிது. அவ்விவாதத்தில் இருதரப்பாரும் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் முதன்மையானது சுட்ட மண்தான். ஓலை மட்கிப்போயிற்று, துணியும் மரமும் மறைந்தன. 600 பாகையைத் தாண்டிய ஓடு மட்டும் எழுத்தைச் சுமந்து நின்றது.

எழுத்து சூளைக்கு முன் கீறப்பட்டதா, பின் கீறப்பட்டதா என்பதை ஓட்டைப் பார்த்தே கூறலாம். ஈரமண்ணில் கீறினால் கோட்டின் இருகரையிலும் மண் சிறிதே மேலெழும்பும். சுட்டபின் கீறினால் கோடு ஆழமின்றி, ஓரம் பொரிந்து காணும். பின்னதே மிகுதி. அதாவது, பெயரைக் கீறியோர் பெரும்பாலும் பானையை வாங்கிச் சென்றவர்கள். ஆதன் தன் பெயரை எழுதிவைத்தான். ஆதனுக்குப் பானை செய்து கொடுத்தவனின் பெயர் அதில் இல்லை.

செங்கடற்கரையில், எகிப்தின் குசைர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் கிடைத்த ஒரு சேமக்கலத்தின் உடைந்த பகுதியில் ‘பானை ஒறி’ என எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தார். ஒறி என்பது உறி. கலம் இந்தியாவில் வனையப்பட்டது. எழுத்தின் காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பது அவர் கருத்து. கடல் கடந்து சென்ற அந்தப் பானை தன்னைப் பானை என்றே சொல்லிக்கொள்கிறது. ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் நிறைந்த பொறிப்புகளின் நடுவே, கலத்தின் பெயரையே தாங்கிய அந்த ஓட்டைப்போல் குயவனுக்கு அணுக்கமானது வேறொன்று இல்லை எனலாம்.

பிற்கால ஆவணங்களில் குயவன் எங்கே தென்படுகிறான் என்று தேடினால், பல்லவர் செப்பேடுகளின் வரிப்பட்டியலில் ‘குசக்காணம்’ என்னும் பெயரோடு நிற்கிறான். அரசு அவனைக் கண்டது அவ்வளவே. இலக்கியமோ இன்னும் சற்று நெருங்கிக் கண்டது. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றதைப் பாடும்போதே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனை அவனினும் நல்லன் என்று வென்றவன் முகத்துக்கு நேரே சொன்னவர் வெண்ணிக் குயத்தியார். அவருடைய இயற்பெயரும் நமக்குக் கிட்டவில்லை. ஊரும் தொழிற்குலமுமே பெயராக நிலைத்தன. தில்லையில் அடியார்க்குத் திருவோடு வனைந்து தந்த வேட்கோவர் திருநீலகண்டரைச் சேக்கிழார் பாடினார். காணாமற்போன பழைய ஓட்டுக்கு ஈடாகப் புதியது தருவதாக அவர் மன்றாடியும், வந்தவர் தாம் வைத்துச் சென்ற அந்த ஓடே வேண்டும் என்றார். கலம் செய்பவனுக்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை. எத்தனை ஓடு வனைந்தாலும் முன்னதைப்போல் ஒன்று வருமேயன்றி, முன்னது வராது.

புறநானூற்றின் 256ஆம் பாட்டிலும் குயவனையே விளிக்கிறாள் ஒரு பெண். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிவந்த சிறு பல்லியைப்போல் கணவனோடு சுரம் கடந்து வந்தவள் அவள். அவனுக்குச் செய்யும் தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாகச் செய்யும்படி கேட்கிறாள். பாடியவர் பெயர் தெரியவில்லை. ஐயூர் முடவனாரின் குயவனுக்குப் போலவே இவனுக்கும் பாட்டில் மறுமொழி இல்லை. அவன் விடை தந்திருந்தால் மண்ணின் பதம், உலர்த்தும் நாள், சூளையின் வாயகலம் ஆகியவற்றைப் பற்றியே பேசியிருப்பான்.

சூளை ஆறியபின் ஒவ்வொரு பானையையும் எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பது குயவர் வழக்கம். நன்கு வெந்தது கணீரென ஒலிக்கும். விரிசல் கண்டது மழுங்கி ஒலிக்கும். ஒலித்தவை விற்பனைக்குச் சென்று, ஊர் ஊராகப் பரவி, அடுப்பிலும் உறியிலும் புதைகுழியிலும் சேர்ந்தன. கோணியவையும் வெடித்தவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவையும் சூளையருகே எறியப்பட்டுக் கிடந்தன. இன்று மண்ணுக்கடியில் ஒரு சூளை இருந்த இடத்தைத் தொல்லியலார் அடையாளம் காண்பது அந்தப் பழுதான ஓடுகளின் குவியலைக் கொண்டுதான்.