வாய்க்கு எதிரே காது

இரத்தோட்டையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் பாதை ரிவர்ஸ்டனை எட்டும்போது காற்று ஆளையே தள்ளும். மூடுபனி கொஞ்சம் விலகினால் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் தெரியும். பேச்சும் படமும் மலைகளைத் தாண்டிப் போக அத்தனை உயரம் தேவைப்படுகிறது. அடிவாரத்து வீடொன்றில், ஒரே மேசையில் இருக்கும் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளக் கோபுரம் வேண்டாம், இணையம் வேண்டாம், நடுவே ஒரு பெட்டிகூட வேண்டாம். இரண்டு முழ வயர் போதும். அந்த வயரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அது வந்த வழி மலாயாக் காட்டில் தொடங்கி, பசிபிக் தீவுகளைச் சுற்றிக்கொண்டு வந்த நெடுவழி.

பழைய நெட்வொர்க் வயர் ஒன்றின் வெளியுறையை இரண்டு அங்குலம் சீவிப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு சோடிகள்: செம்மஞ்சள், பச்சை, நீலம், மண்ணிறம். ஒவ்வொன்றுக்கும் வெள்ளையோடு அதே நிறம் கலந்த ஒரு துணை. சோடிகள் எல்லாம் கயிறு திரித்ததுபோல முறுக்கப்பட்டிருக்கும். அடிமட்டத்தை வைத்து எண்ணினால் ஒரு சோடி நெருக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் முறுக்கியிருப்பது தெரியும். உறை, முறுக்கு, நிறவரிசை, முனையில் உள்ள பிளக் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முன்னோர்கள் உண்டு.

முதலில் உறை. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மொன்ட்கோமரி என்ற மருத்துவர், மலாய் மக்கள் கத்திப் பிடி செய்யப் பயன்படுத்திய ஒரு மரப்பாலைக் கவனித்தார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். அதன் மாதிரியை 1843இல் இலண்டனுக்கு அனுப்பினார். அதுதான் கட்டாபெர்ச்சா. நான்கு ஆண்டுகளில் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் அதைத் தந்திக் கம்பியின் மேல் பூசக் கற்றுக்கொண்டார். 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடிக் கம்பி இணைத்தது. 1858இல் இலங்கையில் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது. 1871இல் சென்னையிலிருந்து புறப்பட்ட கடலடிக் கம்பி பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைந்தது. மரப்பால் புறப்பட்ட ஊருக்கே அது கம்பியின் சட்டையாகத் திரும்பி வந்தது. இன்றைய வயருக்குள் இருப்பது அந்தப் பாலின் இடத்தைப் பிடித்த பொலித்தீன். அதுவும் ஒரு விபத்தின் பிள்ளைதான்: 1933இல் இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில் வேறொரு சோதனை தோற்றபோது பாத்திரத்தில் மெழுகுபோல ஒட்டியிருந்தது.

அடுத்தது முறுக்கு. தொலைபேசி வந்த புதிதில் தந்தியைப் போலவே ஒற்றைக் கம்பி போட்டு, மறுபாதையாக மண்ணையே பயன்படுத்தினார்கள். பக்கத்துக் கம்பியின் பேச்சு இந்தக் கம்பியிலும் கேட்டது. மின்சார டிராம் வந்ததும் இரைச்சல் இன்னும் கூடியது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் இதற்கு ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார்: இரண்டு கம்பிகளைச் சேர்த்து முறுக்கிவிடு. வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது இரைச்சல் கழிந்து பேச்சு மிஞ்சும். உங்கள் வயரில் நான்கு சோடிகளும் வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டிருப்பதும் அதற்காகத்தான்: ஒரு சோடியின் பேச்சு அடுத்த சோடியில் கேட்கக்கூடாது.

இனி நம் கதையின் உயிரான இடம், குறுக்கே மாற்றிப் போடுவது. 1960இல் அமெரிக்காவில் ஆர்எஸ்-232 என்ற இணைப்புமுறை வந்தது. ஒரு பக்கம் கணினி, மறுபக்கம் மோடம் என்று எண்ணியே அதை வகுத்தார்கள். கணினியோடு கணினியை அதே வயரால் இணைத்தால் வாயும் வாயும் சந்திக்கும், காதும் காதும் சந்திக்கும், யாருக்கும் எதுவும் கேட்காது. ஆகவே அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் இடம் மாற்றி, நடுவில் மோடம் இருப்பதுபோல இரண்டையும் நம்பவைத்தார்கள். அந்த வயருக்கு ‘நல் மோடம்’, அதாவது இல்லாத மோடம், என்றே பெயர் வந்தது. 1980களில் லாப்லிங்க் என்ற மென்பொருள் இந்த வித்தையை மடிக்கணினிக்காரர்களிடம் விற்றது. மைக்ரோசாஃப்ட் அதே வேலையை 1993இல் டாஸ் 6இலும், பிறகு விண்டோஸ் 95இலும் சேர்த்தது. 1993 டிசம்பரில் வெளியான ‘டூம்’ விளையாட்டை இரண்டு நண்பர்கள் இதே வயரில் இணைந்து ஆடினார்கள்.

அதற்குள் வேறொரு கிளை ஹவாயில் முளைத்திருந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனின் குழு தீவுகளில் சிதறிக் கிடந்த கணினி முனையங்களை வானொலி அலையால் இணைத்தது. 1971இல் அலோஹாநெட் இயங்கத் தொடங்கியது. இரண்டு செய்திகள் மோதினால் இரண்டும் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பவேண்டும் என்பதே அதன் ஒழுங்கு. இதைப் படித்த ரொபர்ட் மெட்காஃப், கலிஃபோர்னியாவின் செராக்ஸ் ஆய்வகத்தில் அதே ஒழுங்கைக் கம்பிக்குள் கொண்டுவந்தார். 1973 மே 22ஆம் திகதி அவர் எழுதிய குறிப்பில் ‘ஈதர்நெட்’ என்ற பெயர் பிறந்தது. ஒளியைச் சுமப்பதாக ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் நம்பிய ஈதரின் பெயர் அது. ரிவர்ஸ்டன் கோபுரத்தின் உறவுக்காரர்கள் நம் மேசை வயருக்குள்ளும் இருப்பது இப்படித்தான்.

ஈதர்நெட் முதலில் தடித்த கோஆக்சியல் கேபிளில் ஓடியது. ஆனால் அலுவலகச் சுவர்களுக்குள் தொலைபேசிக்கான முறுக்குக் கம்பி ஏற்கெனவே இருந்தது. இருப்பதை விட்டுப் புதிது ஏன் இழுக்கவேண்டும் என்ற கேள்வியில் பிறந்ததுதான் 1990இன் 10பேஸ்-டி முறை. பிளக்கும் தொலைபேசிக் குடும்பத்திலிருந்தே வந்தது. ஆர்ஜே45 என்று நாம் சொல்லும் பெயர் உண்மையில் பக்கவாட்டில் ஒரு புடைப்புக் கொண்ட வேறொரு தொலைபேசி பிளக்குக்கு உரியது. தோற்றம் ஒத்திருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. பிளக்கை ஒளியில் பிடித்துப் பார்த்தால், ஒரு சோடி பிரிந்து நீலச் சோடிக்கு இருபுறமும் நிற்பது தெரியும். நடுவிலுள்ள இரண்டு இடங்கள் தொலைபேசிக்கென ஒதுக்கப்பட்டவை; அந்த மரியாதை இன்றும் தொடர்கிறது.

கணினி 1, 2ஆம் ஊசிகளில் பேசும். 3, 6இல் கேட்கும். நடுவே ‘ஹப்’ என்ற இணைப்புப் பெட்டி இருந்தால் மாற்றிக் கொடுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஹப் வாங்கப் பணம் இல்லாதவர்களும், இரண்டே கணினி உள்ளவர்களும் மாற்றத்தை வயருக்குள்ளேயே செய்தார்கள். அமெரிக்கத் தரமுறை 568ஏ, 568பி என்று இரண்டு நிறவரிசைகளை அனுமதித்திருந்தது. பச்சையும் செம்மஞ்சளும் இடம் மாறியிருப்பது மட்டுமே இரண்டுக்கும் வித்தியாசம். ஒரு முனையில் ஏ, மறுமுனையில் பி என்று, பிளக்கை அழுத்திப் பொருத்தும் கிரிம்பரால் அழுத்தினால் ‘கிராஸ் கேபிள்’ கையில்.

இலங்கைக்கு இணையம் வந்த காலமும் அதுதான். 1990இல் ‘லேர்ன்’ திட்டத்தின் வழியாகப் பல்கலைக்கழகங்கள் மின்னஞ்சல் பரிமாறத் தொடங்கின. 1990களின் கடைசியில் கொத்மலைச் சமூக வானொலி யுனெஸ்கோ உதவியோடு இணையத்தை மலைநாட்டுக் காதுகளுக்குக் கொண்டுபோனது: நேயர்கள் கேட்டதை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானலையில் சொன்னார்கள். ஓர் இணைப்பைப் பலர் பகிரவேண்டிய காலம். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு அந்தப் பகிர்வை வீட்டுக்குள் எளிதாக்கியது. ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு கிராஸ் கேபிள், இரண்டு கணினிகள்.

அந்த வயரின் வேலையைப் பிறகு இயந்திரமே எடுத்துக்கொண்டது. ஹியூலெட் பக்கார்ட் பொறியாளர்கள் டேனியல் டவும் புரூஸ் மெல்வினும், எதிர்முனையைப் பார்த்துத் தானாகவே பக்கம் மாறிக்கொள்ளும் இணைப்புவாயை உருவாக்கினார்கள். ரிவர்ஸ்டன் வளைவில் எதிரெதிரே வந்த இரண்டு வான்களும் ஒரே பக்கம் ஒதுங்கினால் இரண்டும் நகராது. அதனால் இங்கே ஒவ்வொரு முனையும் தாயம் உருட்டுவதுபோல ஓர் எண்ணை எடுத்து, எப்போது மாறுவது என்று முடிவு செய்கிறது. விரைவில் ஒன்று மாறும், மற்றது நிற்கும், பேச்சு தொடங்கும். 1999இல் வந்த கிகாபிட் முறையிலோ நான்கு சோடிகளும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்கின்றன.

ஆகவே இன்று உங்கள் வீட்டில் சாதாரண வயரே போதும். பழைய கணினியையும் புதியதையும் நேராக இணையுங்கள். யாரும் முகவரி தராவிட்டால் விண்டோஸ் கணினிகள் 169.254 என்று தொடங்கும் முகவரிகளைத் தாமே எடுத்துக்கொள்ளும். கோப்புறை ஒன்றைப் பகிர்ந்தால், கிகாபிட் வேகத்தில் பத்து கிகாபைட் குடும்பப் படங்கள் இரண்டு நிமிடத்துக்குள் போய்ச் சேரும். டேட்டா ஒரு துளியும் செலவாகாது. அலமாரியில் கிடக்கும் வயர்களில் ஒன்றின் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சையும் செம்மஞ்சளும் இடம் மாறியிருந்தால் அது கிராஸ் கேபிள். எறிந்துவிடாதீர்கள். பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.