அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் கணனி வரைபியற் கல்வி: யூற்றாவின் எழுச்சியும் சிதறலும்

கணனி வரைபியலின் வரலாறு பெரும்பாலும் இரு வகையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று, திரையிலே தோன்றிய படங்களின் வரலாறு. மற்றொன்று, அப்படங்களால் வளர்ந்த கம்பனிகளின் வரலாறு. இவ்விரண்டிலும் வகுப்பறைக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. கூரிய அறிவுடைய மாணவர் சிலர் வந்தனர், பட்டம் பெற்றனர், வெளியேறிக் கம்பனிகளை நிறுவினர் என்ற அளவிலே பல்கலைக்கழகம் ஒரு வாயிற்படியாக மாத்திரம் கூறப்பட்டு விடுகின்றது. அத்துறை எங்கே, எவருடைய பணத்தில், எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்ற வினாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வனுபவத்திலிருந்து பெறப்படும் முடிபு முற்போக்குச் சிந்தனையாளருக்குச் சிறிது சங்கடத்தைத் தருவதாகும். அத்துறையின் கல்வி மிகத் திறந்த நிலையில் நிகழ்ந்த காலம், அது படைத்துறையின் பணத்தில் வாழ்ந்த காலமாக இருந்தது.

திரையிற் கோடு வரையுங் கணனி போர்த் தேவையின் பிள்ளை என்பதில் ஐயமில்லை. 1951ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் கீழ் லிங்கன் ஆய்வுகூடம் தோற்றுவிக்கப்பட்டதே வான்காப்பு அமைப்பொன்றை உருவாக்குவதற்காகும். வானிலே வரும் விமானங்களை ரேடார் புள்ளிகளாகத் திரையிற் காட்டவும், அப்புள்ளிகளை ஒளி உணருங் கருவியாற் சுட்டித் தெரிவு செய்யவும் அங்கு வழி காணப்பட்டது. அதே ஆய்வுகூடத்தின் ரீ-எக்ஸ்-2 என்னுங் கணனியிலேதான் ஐவன் சதர்லன்ட் என்னும் மாணவர் தமது கலாநிதிப் பட்ட ஆய்வான 'ஸ்கெச்பாட்' என்பதனை 1963இல் நிறைவு செய்தார். ஆய்வை மேற்பார்வை செய்தவர் தகவற் கோட்பாட்டின் தந்தை எனக் கருதப்படுங் குளோட் ஷனன். ஒளிப்பேனாவாற் கோடு வரையலாம். இரு கோடுகள் சமாந்தரமாக இருத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டால் கணனி அவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். எதிரி விமானத்தைச் சுட்டிய கருவி வடிவியலைச் சிந்திக்குங் கருவியாக மாறிய இடம் ஒரு மாணவரின் ஆய்வேடு என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த ஆண்டே, 26 வயதில், சதர்லன்ட் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உயர் ஆய்வுத் திட்ட முகவரகமான ஆர்ப்பாவிலே கணனி ஆய்வுகளுக்கு மானியம் வழங்கும் அலுவலகத்தின் தலைவரானார். டேவிட் எவன்ஸ் என்னும் பேராசிரியர் 1965இற் கலிபோர்னியாவின் பேர்க்லியை விட்டுத் தாம் பிறந்த சோல்ற் லேக் நகருக்குத் திரும்பி, யூற்றாப் பல்கலைக்கழகத்திற் கணனித் துறையைக் கட்டியெழுப்பத் தொடங்கினார். மேற்கு மலைநாட்டின் அப்பல்கலைக்கழகத்திற்குக் கிழக்குக் கரையின் பழம்பெரும் நிறுவனங்களின் புகழோ செல்வமோ இருக்கவில்லை. எல்லாவற்றிலும் ஓரளவு என்றிருப்பதை விடுத்து, வரைபியல் என்னும் ஒரே துறையில் முதன்மை பெறுவது என்ற எவன்ஸின் தீர்மானம் அந்நிலையிற் பிறந்ததே. 1966இல் ஆர்ப்பாவின் பெருமானியம் கிடைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் டொலர். 1968இற் சதர்லன்டும் அங்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் இருவரும் தம் பெயரிலேயே கம்பனியொன்றையும் நிறுவினர். பேராசிரியர் காலையிற் பல்கலைக்கழகத்திலும் மாலையிற் கம்பனியிலும் இருப்பது அன்று வியப்பாகத் தோன்றியிருக்கலாம். பின்னர் அதுவே வழமையாயிற்று.

இம்மானியத்தின் இயல்பை இங்கு சற்று விளக்குதல் வேண்டும். குறித்த ஓர் ஆயுதத்தைச் செய்து தருக என அது கேட்கவில்லை. மனிதனும் இயந்திரமும் படங்கள் மூலம் தொடர்பு கொள்ளும் வழிகளை ஆராய்க என்பதே அதன் பொதுவான பணிப்பு. முடிவுகள் ஆய்வேடுகளாகவும் கட்டுரைகளாகவும் வெளிப்படையாகவே வந்தன. இதனைக் கொண்டு படைத்துறையின் பெருந்தன்மை எனக் கொள்ளுதல் பேதைமையாகும். எவன்ஸ்-சதர்லன்ட் கம்பனி பின்னர் விமானிகளைப் பயிற்றும் போலிப்பறப்புக் கருவிகளுக்குப் படம் வழங்குவதிற் பெயர் பெற்றது. படைத்துறை தன் பங்கை அவ்வழியிற் பெற்றுக்கொண்டது. ஆயினும் மானியத்துக்கும் பயனுக்கும் இடையே இருந்த அந்தக் கால இடைவெளியிலேதான் கல்வி நிகழ்ந்தது.

அக்கல்வி எத்தகையது? 1966இற் சதர்லன்ட் கணனி வரைபியலின் தீராத பத்துப் பிரச்சினைகளை வரிசைப்படுத்திக் கட்டுரையொன்று எழுதியிருந்தார். யூற்றாவின் பாடத்திட்டம் இத்தகைய பட்டியல்தான் எனலாம். பாடநூல் இல்லை; ஆசிரியருக்கு விடை தெரியாது; மாணவருக்கு அது தெரியும் என்பது தெரியாது என்ற பாசாங்கும் இல்லை. ஒரு பொருளைத் திரையிற் காட்டும்போது அதன் பின்புறத்துப் பரப்புகளை எவ்வாறு மறைப்பது என்பது முதற் பிரச்சினை. கணிதத்துறை மாணவரான ஜோன் வோர்னொக் 1969இல் ஒரு தீர்வைத் தந்தார். திரையை நான்காகப் பிரி. ஒவ்வொரு பகுதியும் எளிதில் தீர்மானிக்கத்தக்கதா எனப் பார். அன்றேல் அதனையும் நான்காகப் பிரி. அடுத்த ஆண்டு கரி வோற்கின்ஸ் என்பவர் திரையின் வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஆராயும் வேறொரு தீர்வைத் தந்தார். 1974இற் சதர்லன்டும் வேறிருவரும் அதுவரை வெளிவந்த பத்து வழிமுறைகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரை, இவை யாவும் அடிப்படையில் வரிசைப்படுத்தல் என்ற ஒரே செயலின் வேறுபாடுகளே எனக் காட்டிற்று. சிதறிய ஆய்வுகள் கற்பிக்கத்தக்க அறிவாக ஒழுங்குபெற்றமைக்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

பொருள்களைக் கணனிக்குள் எவ்வாறு கொண்டு செல்வது என்பதும் பிரச்சினையே. அதற்கான இயந்திரம் அன்று இருக்கவில்லை. 1972இற் சதர்லன்டின் மாணவர்கள் அவர் மனைவியின் வொக்ஸ்வாகன் காரின் மீது கோடுகளும் புள்ளிகளும் இட்டு, அளவுகோல்களைக் கொண்டு ஒவ்வொரு புள்ளியின் நீள, அகல, உயரங்களையுங் கையால் அளந்தனர். ஆன்றி கூரோ என்னும் பிரெஞ்சு மாணவர் தம் மனைவியின் முகத்திற் கோடுகள் வரைந்து புகைப்படம் எடுத்து அளந்தார். எட்வின் கற்மல் தமது இடது கையைச் சாந்தில் வார்த்து, அவ்வார்ப்பின் மீது பல்கோணிகளை வரைந்தார். ஃபிரெட் பார்க் பேசும் முகத்தைச் செய்ய முயன்றார். 1975இல் மாட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்ப் பாத்திரத்தின் வடிவத்தைத் தாளில் வரைந்து எண்களாக்கினார். அவ்வெண்கள் பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் கைமாறி, எவரும் தம் வழிமுறையைச் சோதித்துப் பார்க்கும் பொது உரைகல்லாயின. கார், முகம், கை, தேநீர்ப் பாத்திரம். ஏவுகணைப் பணத்தில் இயங்கிய துறை இவற்றையே தன் பாடப்பொருளாக வைத்திருந்தது.

அம்மாணவருள் ஒருவரை இங்கு தனியே குறிப்பிடல் வேண்டும். பூயி துவோங் ஃபொங் 1942இல் ஹனோயிற் பிறந்தவர். நாடு பிரிக்கப்பட்ட 1954இற் குடும்பம் சைகோனுக்குப் பெயர்ந்தது. பின்னர் பிரான்சிற் கற்று, 1971இல் யூற்றாவுக்கு வந்தார். அவருடைய தாய்நாட்டின் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அவர் கற்ற துறைக்குப் படியளந்ததும் அதே பாதுகாப்புத் திணைக்களமே. கூரோ 1971இற் பல்கோணியின் மூலைகளில் ஒளியின் அளவைக் கணித்து, அதனை இடைப்பட்ட பரப்பிலே படிப்படியாகப் பரப்பி வளைபரப்பின் தோற்றத்தைப் பெற்றிருந்தார். ஆனால் பளபளப்பான பொருளின் ஒளிப்பொட்டு அம்முறையிற் சிதைந்து போயிற்று. ஃபொங் ஒளியைப் பரப்பாது, பரப்பின் திசையைக் குறிக்கும் செவ்வனைப் பரப்பினார். ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் புதிதாகக் கணித்தார். 1973இல் ஆய்வேடு முடிந்தது. அதன் சாரம் 1975 யூனில் வெளிவந்தது. அடுத்த மாதமே இரத்தப் புற்றுநோயால் அவர் மறைந்தார். வியற்நாமிய மரபிற் குடும்பப் பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும். உலகெங்கும் விரிவுரைகளில் வழங்கும் 'ஃபொங் முறை' என்ற பெயர் தந்தை வழிப் பெயரன்று, அவருக்கு இடப்பட்ட பெயர் என்பதை நம்மவர் எளிதிற் புரிந்துகொள்வர்.

இக்காலப்பகுதியிலேயே நிலைமை மாறத் தொடங்கிற்று. வியற்நாம் போருக்கு எதிரான இயக்கம் பல்கலைக்கழகங்களின் படைத்துறை உறவை வினாவுக்குட்படுத்தியது. இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் உருவான இலியாக்-4 என்ற பெருங்கணனி வரைபியலுக்குரியதன்று. ஆயினும் அதன் பெரும்பகுதி நேரம் பாதுகாப்புத் திணைக்களத்திற்கே உரியது என்பது 1970இல் வெளிப்பட்டதும் மாணவர் கிளர்ந்தெழ, கணனி கலிபோர்னியாவின் விண்வெளி ஆய்வுகூடமொன்றிலே நிறுவப்பட நேர்ந்தமை அன்றைய சூழலை உணர்த்தும். 1969இல் மேற்சபை உறுப்பினர் மான்ஸ்ஃபீல்ட் கொண்டுவந்த சட்டத்திருத்தம், படைத்துறைப் பணம் படைத்துறைப் பயன் நேரடியாக உள்ள ஆய்வுகளுக்கே செலவிடப்படல் வேண்டும் என வரையறுத்தது. நோக்கம் நன்று, பல்கலைக்கழகத்தைப் போரிலிருந்து பிரித்தல் என முற்போக்காளர் அதனை வரவேற்றதும் இயல்பே. ஆயின் விலக்கப்பட்ட பணத்தின் இடத்தை நிரப்பக் குடிசார் அரச நிதி அதே அளவிலும் அதே தாராளத்துடனும் முன்வரவில்லை. ஆய்வு சுதந்திரமடைதற்குப் பதிலாகப் பயன்நோக்கிய ஒப்பந்தங்களுக்கு உட்பட்டது. இவ்வரலாற்று முரண்பாடு போதிய அளவு ஆராயப்படவில்லை என்பதே எமது கருத்தாகும்.

யூற்றாவின் சிதறல் விரைந்து நிகழ்ந்தது. சதர்லன்ட் எழுபதுகளின் நடுப்பகுதியில் வெளியேறி 1976இற் கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவகத்தை அடைந்தார். 1974இல் ஆய்வேட்டை முடித்த கற்மல் வளைபரப்புகளைத் திரையிற் காட்டும் வழியையும், ஒவ்வொரு புள்ளிக்கும் ஆழத்தை நினைவில் வைத்து மறைபரப்பைத் தீர்க்கும் வழியையும், பரப்பின் மீது படத்தைப் போர்த்தும் வழியையும் ஒரே நூலில் தந்தவர். அவர் விரும்பியது பல்கலைக்கழக ஆசிரியப் பதவி. ஒகையோ அரசுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தும் அது கிட்டவில்லை என அவரே பின்னாளில் எழுதியுள்ளார். நியூயோர்க்கின் தனியார் நிறுவனமொன்று அவரை ஏற்றது, 1979இல் லூக்காஸ் திரைப்படக் கம்பனி, 1986இல் பிக்சார். வோர்னொக் 1982இல் அடோபியை நிறுவியோருள் ஒருவர். ஜிம் கிளார்க் ஸ்ரான்போர்டிற் கற்பித்திருந்து சிலிக்கன் கிறாபிக்சை நிறுவினார். அறிவு அழிந்துவிடவில்லை, கற்பிக்கும் இடத்திலிருந்து விற்கும் இடத்திற்குப் பெயர்ந்தது.

எனினும் யூற்றாவே முழு வரலாறுமன்று. ஒகையோவில் ஓவியரான சார்ள்ஸ் சூரி அறுபதுகளிலேயே கணனியால் வரையத் தொடங்கினார்; அவரது 'ஹம்மிங்பேர்ட்' என்னும் 1967ஆம் ஆண்டுப் படத்தை நியூயோர்க் நவீன கலைக் கூடம் வாங்கிற்று. 1971இல் அவர் அமைத்த ஆய்வுக் குழுவில் ஓவியரும் கணிதரும் ஒருங்கே அமர்ந்தனர். கோணெல்லிற் கட்டடக் கலைஞர் டொனல்ட் கிறீன்பேர்க், பல்கலைக்கழகத்திற் கருவியில்லாமையால், மாணவர்களுடன் சிறக்கியூஸ் நகரின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிலையத்திற்கு இரவிற் சென்று தம் பல்கலைக்கழக வளாகத்தின் படத்தைச் செய்தார். 1974இல் அங்கு தனித் திட்டம் தோன்றிற்று. பத்தாண்டுகளின் பின், சுவருக்குச் சுவர் ஒளி பரவுவதனை வெப்பப் பரிமாற்றக் கணிதத்தாற் கணிக்கும் முறை அங்கிருந்தே வந்தது. கட்டடத்தின் உட்புற ஒளியைக் கவலையாகக் கொண்டவனுக்கே அவ்வினா தோன்றும். இவ்விரு இடங்களுக்கும் தேசிய விஞ்ஞான மன்றத்தின் குடிசார் நிதி உதவியமை குறிப்பிடத்தக்கது.

பாடநூல்கள் இதன் பின்னரே கல்வியைத் தாங்கின. நியூமன், ஸ்புறோல் இருவரின் நூல் 1973இலும், ஃபோலி, வான் டாம் இருவரின் நூல் 1982இலும் வெளிவந்தன. 1974இற் கொலராடோவின் போல்டரில் முதன்முறை கூடிய சிக்கிராப் மாநாடு ஆண்டுதோறும் கூடலாயிற்று. யூற்றாவில் ஆய்வேடாக இருந்தது நாடெங்கும் மூன்றாம் வாரத்து வீட்டுவேலையாயிற்று.

உடைமை உறவும் மாறிற்று. 1980இற் நிறைவேறிய பே-டோல் சட்டம், அரச பணத்திற் செய்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்திருக்க இடமளித்தது. கம்பனிகள் இவ்வழியில் ஏற்கெனவே நடந்தன. 1987இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர் வெளியிட்ட, மருத்துவப் படிமங்களிலிருந்து பரப்புகளைப் பெறும் வழிமுறை பாடநூல்களிற் கற்பிக்கப்பட்டது. ஆயினும் காப்புரிமை 2005இற் காலாவதியாகும்வரை அதனைத் தடையின்றிப் பயன்படுத்த இயலவில்லை. கூரோவினதும் ஃபொங்கினதும் முறைகளை எழுதிய மாணவன் எவனும் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை.

2001இல் அமெரிக்கக் கணனிச் சங்கங்கள் இளமாணிக் கல்விக்கு வகுத்த வழிகாட்டியிற் கட்டாயப் பாடத்திற்குரிய 280 மணித்தியாலங்களில் வரைபியலுக்குக் கிடைத்தவை மூன்று. 2013ஆம் ஆண்டின் திருத்தத்திலும் அது மூன்றே. எஞ்சியது விருப்பப் பாடம். 2015இல் விளையாட்டுக் கம்பனியொன்றின் அன்றியல் என்னும் படமாக்கற் பொறி எவரும் விலையின்றிப் பெறக்கூடியதாக்கப்பட்டது. அதனாற் செய்த பொருள் விற்பனையானால் வருவாயில் நூற்றுக்கு ஐந்து கம்பனிக்குரியது என்பது அன்றைய நிபந்தனை. வரைபியல் வகுப்புகள் பலவற்றில் இத்தகைய பொறிகளே கருவியாயின. அதனுள்ளே பல்கோணியும் செவ்வனும் ஒளிக்கணிப்பும் முன்னரே இயங்கிக்கொண்டிருக்கின்றன. பொத்தானை அழுத்தும் மாணவன் அவற்றைக் காண வேண்டிய தேவை இல்லை.