வார்தாக் கல்வித் திட்டமும் முஸ்லிம்களின் எதிர்ப்பும்

இந்திய முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதுவோர் அலிகரையும் தேவ்பந்தையும் நத்வாவையும் விரிவாகப் பேசுவர். ஆனால் 1937 முதல் 1939 வரையிலான காலத்தில், நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் முன்வைக்கப்பட்டபோது முஸ்லிம்களிடையே எழுந்த எதிர்ப்பு, அரசியல் வரலாற்றின் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. அதனைக் காங்கிரஸ் - முஸ்லிம் லீக் பூசலின் ஒரு கிளையாக மட்டும் காண்பது முழுமையான பார்வையாகாது. பொதுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினா அதனுள் அடங்கியிருந்தது.

1937ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் பல மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் அமைந்தன. மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினால் கலால் வருவாய் குறையும். அவ்வருவாயையே பெரிதும் நம்பியிருந்த கல்விக்குப் பணம் எங்கிருந்து வரும்? இச்சிக்கலுக்கு விடையாகக் காந்தியடிகள், கைத்தொழிலை நடுவாகக் கொண்டு தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளும் கல்வி முறையை முன்மொழிந்தார். 1937 அக்டோபர் 22, 23 நாட்களில் வார்தாவில் கூடிய மாநாடு, ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழிப் பயிற்சி, கைத்தொழில் வழிக் கற்றல் ஆகியவற்றை ஏற்றது. பாடத்திட்டம் வகுக்க ஒரு குழுவும் அமைக்கப்பட்டது.

அக்குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் ஹுசைன். பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை வறுமையினூடே கட்டிக் காத்தவர். மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை என்றும், இருபதாண்டுகள் அங்கேயே பணியாற்றுவோம் என்றும் உறுதி பூண்ட ஆசிரியர்களுள் முதன்மையானவர். குழுவில் கல்வியாளர் கே.ஜி. சையிதைனும் இருந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகம், தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா ஆகிய தமிழர் இருவரும் இடம்பெற்றனர். 1937 டிசம்பரில் அளிக்கப்பட்ட அறிக்கையை 1938 பிப்ரவரியில் ஹரிபுரா காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது.

அறிக்கையின்படி ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் மூன்று மணி இருபது நிமிடம் கைத்தொழிலுக்கு உரியது. மார்க்கக் கல்விக்கு அதில் இடமில்லை. சமயங்கள் கற்பிக்கப்படும் முறை ஒற்றுமைக்கு மாறாகப் பூசலை வளர்க்கிறது என்பதே அதற்குக் காந்தியடிகள் கூறிய காரணம்.

முஸ்லிம் பெற்றோரை முதலில் கலங்கச் செய்தது இதுவே. ஏழு முதல் பதினான்கு வயது வரை பிள்ளை கட்டாயமாகப் பள்ளியில் இருக்க வேண்டும். நாளின் பெரும்பகுதி அங்கேயே கழியும். அப்படியானால் குர்ஆன் ஓதவும் மக்தப் செல்லவும் நேரம் ஏது? அடுத்து, அஹிம்சையை அரசியல் கொள்கை என்ற நிலையிலிருந்து உயர்த்தி வாழ்க்கைக் கோட்பாடாகவே பாடநூல்வழி பதிக்க முனைகிறார்கள் என்ற ஐயம் எழுந்தது. உருது மொழி மெல்ல ஓரங்கட்டப்படும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது.

இவ்வச்சங்களுக்கு உரமிட்டது மத்திய மாகாணம். அங்கு ரவிசங்கர் சுக்லா கொணர்ந்த கிராமப் பள்ளித் திட்டத்திற்கு 'வித்யா மந்திர்' என்று பெயர். நன்கொடையாகப் பெறும் நிலத்தின் வருவாயில் பள்ளி நடத்துவது அதன் நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் 'மந்திர்' என்னும் சொல் கோயிலைக் குறிப்பதால், தம் பிள்ளைகள் பயிலும் பொதுப் பள்ளிக்கு அப்பெயர் வேண்டாம் என அம்மாகாண முஸ்லிம்கள் வேண்டினர். சிறுபான்மையினரின் இவ்வேண்டுகோள் உரிய காலத்தில் செவிமடுக்கப்படவில்லை. எதிர்ப்பு நாக்பூரில் சத்தியாக்கிரகமாக வளர்ந்து, பலர் சிறை புகுந்தனர். 1938 நவம்பரில் வெளிவந்த பீர்ப்பூர் அறிக்கை, இத்தகைய மனக்குறைகளை லீகின் குற்றப்பத்திரிகையாகத் தொகுத்தது.

இங்கு நடுநிலை தவறலாகாது. வித்யா மந்திர் ஒரு மாகாண அரசின் திட்டம். ஜாகிர் ஹுசைன் குழு வகுத்ததோ வேறு. எதிர்ப்பாளர் பலர் இரண்டையும் ஒன்றாகவே கருதினர். தன்னிறைவு நோக்கம் மிகுந்தால் ஆசிரியர் ஏழைச் சிறுவரின் உழைப்பைச் சுரண்டும் கங்காணிகளாகிவிடுவர் என்று வார்தா மாநாட்டிலேயே எச்சரித்தவர் ஜாகிர் ஹுசைன். அவரைத் தீனுக்கு எதிரானவர் போலச் சித்திரித்தது அநீதி. ஆயினும் தலைவர் முஸ்லிம் என்பதாலேயே சமுதாயத்தின் இசைவு கிடைத்துவிட்டதாகக் கொண்டதும் பிழையே. அறிஞர் ஒருவரின் நேர்மை, ஆயிரமாயிரம் பெற்றோரின் கருத்துக்கு ஈடாகாது.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத் தக்கது. 1938 ஏப்ரலில் ராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் முஸ்லிம் லீகைச் சேர்ந்த பி. கலீபுல்லா. தாம் ஒரு ராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும் அவர் பெருமிதத்துடன் கூறினார். வடக்கே உருதுக்காகவும் தெற்கே தமிழுக்காகவும் முஸ்லிம்கள் எழுந்தது முரண்பாடன்று. வீட்டின் மொழியைப் பள்ளி மதிக்க வேண்டும் என்பதே இரு குரல்களிலும் ஒலித்த கோரிக்கை. 1940 பிப்ரவரியில் இங்குக் கட்டாய இந்தி விலக்கப்பட்டது.

1939 இறுதியில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகியதும் வார்தாத் திட்டத்தின் வேகம் தணிந்தது. விடுதலைக்குப் பின் ஆதாரக் கல்வி என்ற பெயரில் தொடர்ந்து, நாளடைவில் மங்கியது. ஆனால் அன்றைய வினாக்கள் மங்கவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, முழுதும் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் சமயப் போதனையை விலக்கியது. வார்தாவின் நிலைப்பாட்டிற்கு அது நெருக்கமானது. அதே சட்டத்தின் 29, 30ஆம் பிரிவுகள், மொழியையும் பண்பாட்டையும் காக்கவும், தம் விருப்பப்படி கல்வி நிலையங்கள் அமைக்கவும் சிறுபான்மையினருக்கு உரிமை வழங்கின. எதிர்த்தோர் கேட்டதன் சாரமும் அங்கு இடம்பெற்றது.

வார்தாவின் குறிக்கோள் பழுதுடையதன்று. உழைப்பை இழிவாகக் கருதாத கல்வியை யாரும் மறுக்கவியலாது. குறை, வகுத்த முறையில் இருந்தது. இஸ்லாம் மஷூராவை வாழ்க்கை நெறியாக்கியிருக்கிறது. கேட்டபின் வகுப்பதே மஷூரா. வகுத்தபின் அறிவிப்பது மஷூரா ஆகாது. பொதுக் கல்வித் தரம் பற்றிப் பேசும் அரசினருக்கு மட்டுமன்று, மத்ரஸாப் பாடத்திட்டத்தைச் சீரமைக்க முனையும் நமக்கும் இவ்வரலாறு விட்டுச் சென்ற பாடம் அதுவே.