தங்கவயல் குழியும் நியூட்ரினோவின் தடயமும்

வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசும்போது தங்கம், பாறைவெடிப்பு, நுரையீரல் நோய் என்று மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். நான்காவதாக ஒன்றும் உண்டு. 1965இல், அங்கே ஏறத்தாழ 2300 மீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறக்கிற நியூட்ரினோவின் தடயம் பதிவானது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த சோதனை. அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் ரெய்ன்ஸ் குழுவும் அதைக் கண்டது. அதுவும் தங்கச் சுரங்கம்தான். அங்கே வெட்டியவர்கள் கறுப்பர்கள், இங்கே பெரும்பாலும் தலித்துகள். இது தற்செயல் என்று கடந்துபோக எனக்கு மனசில்லை.

நியூட்ரினோவை யாரும் பார்த்ததில்லை. பூமியையே துளைத்துப் போய்விடும். எப்போதாவது ஒன்று பாறையிலுள்ள அணுக்கருவில் மோதும். அப்போது பிறக்கிற மியூவான்தான் கருவியில் விழும். மேலேயிருந்து நேராக வரும் மியூவான்களைப் பாறை பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. பக்கவாட்டில் வருவதென்றால் பல கிலோமீட்டர் பாறையைத் தாண்டியாக வேண்டும், அதனால் முடியாது. ஆகவே படுக்கைவாட்டில் வந்த மியூவான் நியூட்ரினோவின் பிள்ளை. எதிரெதிர்ச் சுவர்களாக நின்ற பிளாஸ்டிக் ஒளிர்விகளும் நியான் குழாய்களும் அப்படி வந்ததை விரல்விட்டு எண்ணும் அளவே காட்டின. மாதக்கணக்கில் காத்திருந்து எண்ணியது அது.

அடி அண்ணாமலைக்காரனுக்கு அடியைத் தேடிப் பன்றியாகத் தோண்டிய கதை புதிதில்லை. அந்த ஆழத்தைத் தோண்டிக் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கியதிலிருந்து வெட்டிய கைகள் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இல்லை. எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், மியாகே, உல்ஃபெண்டேல் என்று பெயர்கள் இருக்கின்றன, இருக்கட்டும், உழைத்தவர்கள்தான். ஆனால் வெட்டியவர்களைப் பேச்சில்லாத கும்பலாக நினைப்பது பொய். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் எழுத்துகளை அச்சிட்டது தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. குழிக்கு மேலே இப்படியொரு அறிவு நடந்துகொண்டிருந்ததை அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் கண்டுகொள்வதேயில்லை.

தங்கவயலில் இயற்பியல் குடக்கூலிக்கு வந்த விருந்தாளி. குழியின் செலவும் சாவும் தங்கத்தின் கணக்கில் போயின. சோதனைகள் 1992இல் நின்றன, சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. தேனி பொட்டிப்புரத்தில் 50,000 டன் இரும்புக் காந்தக் கருவி வைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது நிலைமை மாறிவிட்டது. அங்கே யாரும் முன்கூட்டித் தோண்டி வைக்கவில்லை. மலையைக் குடைவது அறிவியலின் கணக்கிலேயே வந்தது. எதிர்த்த ஊர்க்காரர்களை அறிவியல் விரோதிகள் என்றார்கள். 2022இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. தண்ணீர், காடு, புலி என்று அவர்கள் கேட்டதை தங்கவயலில் கேட்க அன்றைக்கு எவனுக்கும் இடம் தரப்படவில்லை.